வார்செனிக் ஊற்றாத தண்ணீர்

வார்செனிக் தண்ணீர் ஊற்றாததால்தான் அவள் புருஷன் திரும்பி வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிர்வீட்டு சாத்தெனிக் தேவாலய வாசலில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். வார்செனிக்கின் பக்கத்து வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தவள் நான். நான் சொல்வதை அப்படியே எழுது.

ஊருக்குக் கிளம்புகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவது ஆர்மீனிய வீட்டு வழக்கம். தண்ணீரைப் போலத் தடையில்லாமல் போய்த் திரும்பட்டும் என்றுதான். எங்கள் பாட்டன்மார் ஊரில் அது மண்ணில் ஊறிவிடுமாம். நாங்கள் குடியேறிய இந்த வடசீனத்து ஹார்பினின் ஜனவரியில் ஊறுமா? ஊற்றிய இடத்திலேயே உறைந்துவிடும்.

அவள் புருஷன் கலுஸ்ட் நரித்தோல் வியாபாரி. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் எல்லைச் சந்தைக்குக் கிளம்பினான். இவள் ஆசையில் ஒன்றுக்கு இரண்டு குவளையாக ஊற்றினாள். தெருமுனை வரை போனவன், கையுறையை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடிவந்தான். படியெல்லாம் பனிக்கட்டி. விழுந்த சத்தம் என் அடுப்பங்கரை வரை கேட்டது. கால் முறிந்து இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தான்.

“உன் தண்ணி நல்லாத்தான் வேலை செய்யுதுடி. தெருமுனையிலேருந்தே திருப்பிக் கொண்டாந்துடுச்சே!” என்று படுத்தபடியே சிரித்தான். அவளுக்கு அழுகை நிற்கவில்லை. “இனிமே குளிர்காலத்துல ஊத்தாதே. சத்தியம் பண்ணு” என்று கையை நீட்டினான். பண்ணினாள். கோழி போட்ட கோதுமைக் கஞ்சியோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு குளிர்காலம் ஊற்றாமலே அனுப்பினாள். பதினோரு தடவையும் வந்தான். அதெல்லாம் சாத்தெனிக்கின் கணக்கில் வராது. அடுத்த தடவை சந்தையில் விஷக்காய்ச்சல் வந்து அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு இது.

“அந்தச் சாத்தெனிக்கிட்ட சத்தியத்தைப் பத்திச் சொல்லித் தொலையேன்டி” என்று வார்செனிக்கிடம் சொன்னேன்.

“அவரு காலை நான் ஒடிச்ச கதையையாக்கா?” என்றாள். அதோடு சரி.

இரண்டு வருஷம் கழித்து ஷாங்காயிலிருந்து அவள் தங்கை கூப்பிட்டாள். அதுவும் ஜனவரியில். கிளம்புகிற அன்று காலை, பெட்டியைத் தூக்கும் முன் வார்செனிக் கால் வழுக்காமலிருக்க அடுப்புச் சாம்பலை வாரிப் படி முழுக்கத் தூவினாள். பிறகு குவளையை என் கையில் கொடுத்தாள்.

“நான்தானே ஊத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். நீங்க ஊத்தலாம். ஒரு குவளை போதும்க்கா. கையுறைய எடுத்துட்டேன்.”

சாம்பலை மிதித்து இறங்கினாள். சாத்தெனிக் ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்க, நான் ஊற்றினேன்.