பேனரில் இல்லாத ஹபீபா அக்கா

வெந்நீர் வரவில்லை என்று நான் வேலை பார்க்கும் ஓட்டலில் தங்கியிருந்த ஒருவர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. ஏரிக்கரையில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த ஹபீபா அக்கா மாரடைப்பில் போய்விட்டாராம். அந்த மனிதருக்கு வெந்நீர் வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் என்னால் அழ முடிந்தது.

அவரை அறிந்த ஊர்க்காரர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். போதைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று அவர் கடைப் படியே ஏறாத நீங்கள், இப்போது 'போதையை ஒழித்த வீரப்பெண்மணி' என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். அட கடவுளே! அவர் எதை ஒழித்தார்?

நான் ஊசிப் பழக்கத்தில் கிடந்தபோது, அலுத்துப்போன அம்மா என்னை ஏதோ ஒரு போதை மீட்பு மையத்தில் அடைக்கச் சம்மதித்துவிட்டார். ஆட்கள் வேனில் கயிற்றோடு வந்தார்கள். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து வேனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, கட்டி இழுத்துட்டுப் போறதுக்குப் பேரு வைத்தியமுங்களா?" அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க நொம்பச் சலிச்சுப் போயிட்டீங்கம்மா. ஊட்டுக்குப் போய்ப் படுங்க. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மறுநாள் பஸ்ஸில் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அன்றிலிருந்து எனக்குத் தினமும், ஊசியைத் தேடவிடாமல் தடுக்கும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை.

பல வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி போதை ஊசி அளவு மீறி மயங்கி விழுந்தபோது கூட இருந்தவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். "பயமில்லாம ஒருத்தன் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியிருந்தா அவன் பொழைச்சிருப்பான் சாமி" என்பார். சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கோபம்தான் வரும்.

என் தாய்மாமா ஒருமுறை, "இன்னுமா மாத்திரை?" என்று கேட்டார். அக்கா விடவில்லை. "ஏனுங்க, நீங்க சக்கரை மாத்திரைய எப்ப உடப் போறீங்க?"

நேற்று இரங்கல் கூட்டத்தில் மைக்கை என் கையில் திணித்தீர்கள். "அக்காவால எல்லாத்தையும் உட்டுட்டேன்னு சொல்லு கண்ணு." முன்வரிசையில் என் ஓட்டல் முதலாளி. அவருக்கு மாத்திரை விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்றுதான் இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன்.

"நான் இன்னும் மருந்து எடுக்கறவனுங்க. அக்கா என்னை உயிரோட வெச்சாங்க, அவ்வளவுதானுங்க" என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. முதலாளி எழுந்து போய்விட்டார்.

இன்று காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தேன். அவர் இன்னும் வரவில்லை. போகச் சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தலையைக் குனியாமல் நின்று கேட்டுக்கொள்வேன். அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான்.