கோல்கியை விட்டுட்டாளே அந்தப் பிள்ளை

இன்னைக்கு அம்பாசமுத்திரம் பஸ்ல எம் பக்கத்துல ஒரு காலேஜ் பிள்ளை. வாய்மொழித் தேர்வுன்னு பயந்து நடுங்குதா. கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிச்சா:

“செல்லுக்குள்ள புதுசா செய்யுத புரதத்துக்குத் தலைப்பக்கமே விலாசம் இருக்கும். அதைப் பார்த்து செல் அந்தப் புரதத்தை உள்வலைச் சவ்வுல செருகும். பொறவு கோல்கிங்கிற நுண்ணுறுப்பு தரம் பிரிச்சு, குமிழியில ஏத்தி, வெளிச்சவ்வுக்கு அனுப்பும்.”

சேரன்மாதேவியில மறுபடி ஒப்பிச்சா. உள்வலையில இருந்து நேரா வெளிச்சவ்வுக்குப் போயிட்டா.

“ஏட்டி, கோல்கி எங்க? தரம் பிரிக்காமலா அனுப்புவ?”

“ஆச்சி, நீங்க டீச்சரா?”

“மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். நீதான இப்பச் சொன்ன!”

சிரிச்சதுல அவ நடுக்கம் போயிட்டு. ஜங்ஷன் வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே ஒப்பிச்சோம்.

என் நம்பர வாங்கிட்டுப் போனவ இப்பதான் போன் பண்ணினா. அதையேதான் கேட்டாங்களாம். பாஸ்!

‘இவ பழைய சண்டை எதையும் மறக்க மாட்டா’ன்னு கல்யாண வீட்டுல வச்சு என்னை ஏசின எங்க மதினியும் பேஸ்புக்ல இருக்கா. லைக் போடுதாளான்னு பாப்போம்.