வாசித்த பிறகுதான் பாயசம்

குலாம் முகம்மதுவைப் போல ஒரு வீம்புக்காரனை நான் பார்த்ததில்லை. கடலூர் முதுநகரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழிப்பான். முகூர்த்த நாட்களில் சுப்புராயனின் கச்சேரிப் பார்ட்டியில் மவுத்தார்கன் வாசிப்பான். நான் தபேலா.

அது அவன் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொத்தான் வைத்த மவுத்தார்கன். காற்று வீணாகாமலிருக்க, உள்ளே ரீடு என்கிற பித்தளை நாக்குகளின் துளைகள் மேல் மெல்லிய தோல் பட்டைகள் ஒட்டியிருக்கும். பட்டையில் மூச்சின் ஈரமோ பிசுபிசுப்போ ஏறினால் போதும், சுரத்தோடு ஒரு குளவியும் சேர்ந்து பாடும். அதனால் மேடை ஏறும்வரை அதைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துச் சூடேற்றுவான். முக்கி ஊத மாட்டான்; கண்ணாடியைத் துடைக்க மூச்சு விடுவோமே, அப்படித்தான் விடுவான். வாசிக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படாது.

1965 வைகாசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம். கை நனைக்காமல் மேடை ஏறக்கூடாது என்று சுப்புராயன் அவனை வற்புறுத்தி ஜாங்கிரி தின்ன வைத்தார். இரண்டாவது பாட்டிலேயே குளவி வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது.

"இன்னொரு வாட்டி கொய்ங்னு கேட்டுச்சு, ஒனக்கு எடம் கெடையாது" என்றார் சுப்புராயன், ஜாங்கிரியை மறந்துவிட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குலாமுக்கு இந்த மேடையை விட்டால் வேறு மேடை இல்லை.

அடுத்தது சிதம்பரத்தில் கண்ணாயிரம் வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அப்பாவான அவரே பாயச டம்ளர்களோடு பந்தலுக்குப் பின்னால் வந்தார். எல்லோரும் குடித்தோம். குலாம் கும்பிட்டு, "வாசிச்சுட்டுக் குடிக்கிறேங்க" என்றான். கல்யாண வீட்டில் கை நனைக்க மறுத்தால் சும்மாவா? கண்ணாயிரத்தின் முகம் சுண்டிப்போனது.

சுப்புராயன் பல்லைக் கடித்தார். "குடிடா. இல்லேன்னா இதுதான் ஒனக்குக் கடைசிக் கச்சேரி."

"கொய்ங்னு கேட்டாலும் தொரத்துவீங்க, குடிக்கலேன்னாலும் தொரத்துவீங்க. எப்படியும் தொரத்தப் போறீங்க, நல்லா வாசிச்சுட்டே போறேன் மாமா."

வாசித்தான். சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்கள். கீழ்ச் சுரத்தில் அவன் மூச்சை இழுத்து நிறுத்தியபோது நான் தபேலாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். குளவி வரவேயில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிந்ததும் நேராகப் பந்திக்குப் போய் இலை முன் உட்கார்ந்தான். "இப்ப ஊத்துங்க" என்றான் கண்ணாயிரத்திடம். அவர் வாளியை வாங்கித் தானே ஊற்றினார். சுப்புராயன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த கச்சேரி எங்க மாமா?" தலை நிமிராமல் கேட்டான் குலாம்.

"கீரப்பாளையம்" என்றார். "அங்கயும் வந்து சாப்பிட மாட்டேன்னு நிப்பியா?"

"நிப்பேன்" என்றான் குலாம், இன்னொரு கரண்டி பாயசத்தை வாங்கிக்கொண்டே.