பதினொரு கிழமை அசையாத விலை

இலக்கம் தேடி வருகிறவர்களைக் கண்டாலே அபீபாவுக்கு எரிச்சல் வரும். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய கந்தோர். வாசனைப் பயிர்களின் கிழமை விலையைத் திரட்டிக் கொழும்புக்கு அனுப்புவது அதன் வேலை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் படியேறி வந்து, வாங்கிய மூச்சை விடுவதற்குள், "பத்து வருஷத்து டேட்டா வேணும், சொஃப்ட் கொப்பியா இருந்தா நல்லது" என்பார்கள். அந்த விலையை எந்தக் கடையில் கேட்டது, யாரிடம் கேட்டது, காய் ஓட்டோடா ஓடு நீக்கியா என்று ஒரு பிள்ளை கேட்டதில்லை. பென் டிரைவை நீட்டுவார்கள். அதை அவள் ஏதோ நனைந்த துணியை வாங்குவது போல இரண்டு விரலால் வாங்குவாள்.

அவள் கெலிஓயாக்காரி, சாதிக்காய் வாங்கி விற்கும் வீட்டில் பிறந்தவள். ஓட்டோடு காயைக் காதருகே குலுக்கி, உள்ளே பருப்பு ஆடும் சத்தத்தை வைத்தே காய்ந்ததா ஈரமா என்று சொல்லிவிடுவாள். இருபத்துமூன்று வயதில் இந்தக் கந்தோரில் சேர்ந்தாள். இருபத்தைந்து வருடமாகப் புதன்கிழமை தவறாமல் கெலிஓயாவில் மூன்று கடை ஏறுகிறாள். முதலாளிமார் வாயால் சொல்லும் விலையை அவள் எழுதுவதில்லை. சாக்கோடு வந்தவனின் கையில் என்ன விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கொப்பியைத் திறப்பாள். கலியாணம் முடித்த மனிதர் கட்டாரிலிருந்து கிழமைக்கு ஒருமுறை அழைப்பார். அவள் விலைக் கதையைத் தொடங்கியதும் சிக்னல் போய்விடும். அவரையும் அவள் படியேறி வருகிறவர்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம், சரியாகச் சாதிக்காய் விழும் காலத்தில், கொழும்பு லொறிகள் வராமல் போயின. கெலிஓயாவின் மூன்று கடைகளும் பூட்டிக் கிடந்தன. பஸ் கிடைக்காவிட்டாலும் அபீபா நடந்து போய்ப் பார்த்தாள். பூட்டிய கடை வாசலில் சின்னமுத்து சாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்ட வேலையை விட்டு வந்து, மேட்டில் எட்டு மரத்தை வைத்துப் பிழைக்கிற மனிதர். வெயிலும் இல்லை, உலர்த்த அடுப்பும் இல்லை, காய் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கடைசியில் சைக்கிளில் வந்த ஒருவன் கிலோ முந்நூறு என்று அள்ளிக்கொண்டு போனான். அபீபா அதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதினாள்.

படிவத்தில் எழுத முடியவில்லை. பதிந்த மூன்று கடைகளின் விலைதான் செல்லும், சைக்கிள்காரன் விலை செல்லாது. கட்டத்தை வெறுமையாக விட்டாலோ விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குக் கந்தோரில் ஒரு பழக்கம் இருந்தது. சந்தை நடக்காத கிழமைக்குப் போன கிழமை விலையையே எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். நட்சத்திரத்தின் அர்த்தம் கந்தோரில் எல்லாருக்கும் தெரியும். அபீபா பதினொரு கிழமைக்கும், கடை பூட்டுமுன் கடைசியாக இருந்த ஆயிரத்து முந்நூற்றைம்பதையே எழுதி, பதினொரு நட்சத்திரம் போட்டாள்.

மறுவருடம் அச்சுப் புத்தகம் வந்தபோது நட்சத்திரங்களைக் காணவில்லை. கணினியில் ஏற்றியவர்கள் இலக்கத்தை மட்டும் ஏற்றியிருந்தார்கள். "மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள்" என்று அபீபா நினைத்தாள். புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அதைப் பற்றி ஒரு வரி கூட யாருக்கும் எழுதவில்லை.

கலாநிதி கஜேந்திரன் வந்தது அதற்குப் பிறகு. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் வீடு, பண்டங்களின் விலை பற்றி ஆராய்கிறவர். கதிரையில் உட்கார்ந்ததும் விளக்கம் கொடுக்கத் தொடங்கினார்.

"சந்தைக்குப் போய் மினக்கெட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை மிஸ். இது இரண்டாம் நிலைத் தரவு. நீங்கள் சேர்த்து வைச்சிருக்கிறியள், நாங்கள் பாவிக்கிறம்."

"சாதிக்காய் மரம் பாத்தீக்கிறீங்களா சேர்?"

"ஓம், படத்தில பார்த்திருக்கிறன்."

வேலிக்கு வேலி சாதிக்காய் நிற்கும் ஊரில் குடியிருந்துகொண்டு படத்தில் பார்த்திருக்கிறாராம். அபீபா அலுமாரியைத் திறந்து அச்சுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். கீழ்த்தட்டில் அவளுடைய கொப்பிகள் அடுக்கியிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. கேட்காதவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும், போய்க் குப்புற விழட்டும் என்று நினைத்தாள். அவர் படியிறங்கிப் போவதை மேலே வராந்தாவில் நின்று பார்த்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக் கூட இருந்தது.

குப்புற விழவில்லை. ஆறு மாதத்தில் வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் அவருடைய அறிக்கையை வெளியிட்டார்கள். டீசல் இல்லாத வருடத்தில் நட்டமடைந்த சிறு பயிர்க்காரருக்கு உலர்த்தும் அடுப்பு கொடுக்க ஒரு திட்டம் வந்திருந்தது. யார் யாருக்கு என்று தீர்மானிக்கத்தான் அந்த அறிக்கை. சின்னமுத்துவும் விண்ணப்பம் போட்டிருந்தார். அதை நிரப்பிக் கொடுத்ததே அபீபாதான். கந்தோர் சார்பில் அவளும் அன்று மண்டபத்தில் இருந்தாள், மடியில் அந்த வருடத்துக் கொப்பி இருந்தது.

திரையில் ஒரு கோடு நேராகப் படுத்துக் கிடந்தது.

"மிளகு விழுந்தது, கராம்பு விழுந்தது. பதினொரு கிழமையாச் சாதிக்காய் ஒரு சதம் அசையேல்லை. ஆகவே சாதிக்காய்க்காரருக்கு நிவாரணம் அவசியமில்லை எண்டுதான் தரவு சொல்லுது" என்றார் கஜேந்திரன்.

மண்டபம் கைதட்டியது. படித்தவர்கள், பெயருக்கு முன்னும் பின்னும் எழுத்து வைத்திருப்பவர்கள். பதினொரு கிழமை ஒரு சதமும் அசையாத விலை என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன் வாங்கப் போகும் எந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். அபீபா கொப்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சேர், அந்தக் கிழமைகள்ல சந்தையே இல்ல. கடை மூணும் பூட்டி ஈந்துச்சி. அது அசையாத விலை இல்ல, விலையே இல்ல. நட்சத்திரம் போட்டுத்தான் அனுப்பின நாங்க. அச்சுல அது உட்டுப்போச்சி."

கஜேந்திரன் இறங்கி வந்து கொப்பியை வாங்கி மரியாதையாகப் புரட்டினார்.

"கையெழுத்துக் கொப்பியை நான் என்னெண்டு மேற்கோள் காட்டுறது மிஸ்? வெளியிட்ட மூலம் வேணும். வெளியிட்டதில இருக்கிறதும் உங்கட இலக்கம்தானே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே விளங்காதவர் போலக் கேட்டார்.

"நான் உங்கட கந்தோருக்கு வந்தனான். புத்தகத்தையும் நீங்கள்தான் தந்தனீங்கள். அண்டைக்கு ஏன் இதைச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லயே" என்றாள் அபீபா.

அன்று கந்தோர் வராந்தாவில் நின்று நினைத்தபோது நன்றாகத்தான் இருந்த பதில் அது. மண்டபத்தில் அது வாயை விட்டு வந்ததும் அவளுக்கே கேவலமாக இருந்தது. அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவர் கறுவா பற்றிப் பேசத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கெலிஓயாக் கடையில் சின்னமுத்து சாக்கோடு நின்றார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

"சிங்களத்துல இருக்கு மிஸ். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அபீபா படித்துச் சொன்னாள். உத்தியோகபூர்வப் புள்ளிவிபரங்களின்படி அந்தக் காலத்தில் உங்கள் பகுதியில் சாதிக்காய் விலை குறையவில்லை, ஆகையால் அடுப்பு இல்லை.

"கொறையலையா? என்ன வெலைன்னு போட்டிருக்காம்?"

"ஆயிரத்தி முந்நூத்தியம்பது."

"அத எழுதினது யாருங்க மிஸ்?"

கொழும்பில் கணினிக்கு முன்னால் இருப்பவனைச் சொல்லியிருக்கலாம். நட்சத்திரக் கதையைச் சொல்லியிருக்கலாம். படத்தில் மரம் பார்த்த கலாநிதியைச் சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மைதான்.

"நான்தான்" என்றாள்.

"அன்னைக்கு நீங்க இங்கதானே நின்னீங்க. சைக்கிள்காரன் முந்நூறு குடுத்தத பாத்தீங்கல்ல."

"பாத்தேன்."

சின்னமுத்து கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். சண்டை பிடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள், பிடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் சாக்கை நிறுவைக்கு ஏற்றினார். முதலாளி ஒரு காயைக் குலுக்கிப் பார்த்து, ஈரம் என்று முகத்தைச் சுளித்து, எண்ணூற்றைம்பது என்றார். சின்னமுத்து காசை வாங்கிக்கொண்டார். பிறகு வெளியே போகாமல் அபீபாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எழுதுங்க மிஸ். நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

அவள் கொப்பியைத் திறந்து 850 என்று எழுதினாள். அவர் குனிந்து, எட்டு, ஐந்து, பூச்சியம் என்று விரலை வைத்துப் படித்தார். பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை அபீபாவுக்கு நன்றாகத் தெரியும். பென் டிரைவோடு படியேறி வருகிறவர்களை அவள் பார்க்கும் பார்வை அது.

"கந்தோருக்குப் போய் மாத்தி எழுதிட மாட்டீங்களே?" என்றார் சின்னமுத்து.