பம்பரத்தின் பேச்சு வகுப்பு

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். "கால்ல சக்கரம் கட்டித்தான் உங்க வீட்ல அனுப்பிவெச்சாங்க" என்பார் வீட்டுக்காரர். "நல்லதாப் போச்சு, பெட்ரோல் மிச்சம்" என்பாள்.

பார்வையில்லாமல், கைகால் விறைத்து, சொல்லும் வராத பிள்ளைகள்தான் அவளிடம் வருவார்கள். அதில் ஒருத்தி ஏழு வயதுக் குட்டிராணி. மேளம் தட்டினால் கல்லாகிவிடுவாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பம்பரம் மணியை எடுப்பாள். அதற்கும் கல். உடனே கிலுகிலுப்பை. வகுப்பு முடிவதற்குள் அலமாரியே காலியாகிவிடும்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. "வெளிய எத்தனையோ பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ஒண்ணும் தேறலைன்னா இந்த இடம் வேற பிள்ளைக்கு."

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளையின் அம்மா மூலையில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "வீட்ல அந்தக் கத்து கத்தறா டீச்சர். இங்க வந்தா மட்டும் ஏன் இப்படி?"

பம்பரம் பிள்ளையை மடியில் சாய்த்து, அவள் கைக்கு அடியில் தன் கையை வைத்து மேளத்தைத் தட்டினாள். கல். தலையும் தொங்கியது. மணியை எடுக்க எழப் பார்த்தால் கால் மரத்துக் கிடந்தது. சனியன் பிடித்த கால் என்று திட்டிக்கொண்டே இருக்கையில், புறங்கையில் ஒரு சுரண்டல். சின்ன விரல்.

மறுபடி தட்டினாள். மறுபடி கல். இந்தத் தடவை பம்பரம் உதட்டைக் கடித்துக்கொண்டு எழாமல் இருந்தாள். மரத்த காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சுரண்டல் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. பார்க்கிற பிள்ளை பிடித்ததைத் திரும்பிப் பார்க்கும். இவள் கேட்பதற்காக அசையாமல் இருந்திருக்கிறாள். பதில் விரலுக்கு வந்து சேர்வதற்குள் பம்பரம் அடுத்த சாமானுக்குத் தாவியிருக்கிறாள்.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். "என்ன, தூங்கிட்டாளா?"

"கேட்டுக்கிட்டிருக்கா மேடம். கொஞ்சம் பேசாம இருங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. சொன்னது சொன்னதுதான். அவரை உட்காரவைத்து, அவர் கையைப் பிள்ளையின் கைக்கு அடியில் தள்ளி, மேளத்தைத் தட்டவைத்தாள்.

"எவ்வளவு நேரம்…"

"ஷ்!" என்றாள் மூலையிலிருந்து அம்மாக்காரி.

தலைமையாசிரியை திடுக்கிட்டார். "சுரண்டறாளே!"

"இன்னொரு தடவை தட்டச் சொல்றா" என்றாள் பம்பரம்.

தட்டினார். காத்தார். மறுபடியும் சுரண்டல் வந்தது.

"சரி, இவ இங்கயே இருக்கட்டும்" என்றவர், சொன்ன சூட்டோடு மணியை எடுக்கக் கை நீட்டினார். பம்பரம் மணியை எட்டத் தள்ளிவைத்தாள்.

"அவ இன்னும் மேளத்தை விடலை மேடம்."