பவளத்தின் ஓட்டு

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை பார்த்த நல்லுசாமி, கோலாலம்பூர் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் மக்களாட்சியைப் பற்றி வாராவாரம் எழுதிவந்தார். இது நம் நாடு, பயப்படாமல் ஓட்டுப் போடுங்கள் என்று அவர் எழுதியதைப் படித்துத்தான் தோட்டத்து லயக் குடியிருப்பு ஜனங்கள் பலர் வாக்காளராகப் பதிந்துகொண்டார்கள். அவருக்கு மட்டும் ஓட்டில்லை. இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். குடியுரிமை கேட்டு எத்தனை முறை எழுதிப் போட்டும், அந்நியருக்குரிய சிவப்பு அடையாளக் கார்டுதான் மிஞ்சியது. இங்கேயே பிறந்த மனைவி பவளத்திடம் குடிமக்களுக்குரிய நீலக் கார்டு இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷத் தேர்தலன்று இருவரும் லோரி ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பவளத்துக்கு மனசு கேட்கவில்லை.

"யாருக்குன்னு சொல்லுங்க. இது ஒங்க ஓட்டாவே இருக்கட்டும்."

அவர் முகத்தில் ஆசை வந்துபோனதை அவள் பார்த்தாள். ஆனாலும் அவர், "வேணாம்லா, பவளம்," என்றார். "நான் சொல்லி நீ போட்டா, இத்தன நாளா நான் எழுதுனதெல்லாம் பொய்யாயிரும். நீயே யோசிச்சுப் போடு."

அவள் திரும்பி வந்தபோது, தூறலில் கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. அடுத்த வாரமும் எழுதினார்.

அடுத்த தேர்தல் வருமுன்னே நெஞ்சுவலியில் போய்விட்டார், சிவப்புக் கார்டுக்காரராகவே. எண்பத்திரண்டில் பவளம் தனியாகப் போனாள். ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கியதும் அழுகை பொங்கியது. உடம்பு சரியில்லையா என்று அதிகாரி மலாயில் கேட்டார். இல்லையென்று தலையாட்டிவிட்டு, தான் யோசித்து வைத்திருந்த பேருக்கு நேரே குறியிட்டுப் பெட்டியில் போட்டாள்.