பல்ராம் பெயர் எழுதாத வண்டி

என் தம்பி பல்ராமிடம் ஒரு கதவுக் கைப்பிடியைக் கொடுத்தால் போதும். இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு அது எந்தக் கம்பெனி வண்டியுடையது, ஏறக்குறைய எந்த வருஷத்தது என்று சொல்லிவிடுவான். நானும் அவனும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். அக்கா என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஃபிஜியில் எங்கள் ஊரான ரக்கிரக்கியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஊரில் உள்ள பினாங்கு சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய வண்டி யார்டில் அவனுக்கு வேலை. பழைய வண்டிகளைப் பிரித்து, உதவுகிற பாகங்களை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை காஸ் கட்டரால் வெட்டி இரும்பாக்குவார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எங்கள் இந்திய ஜனங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பினார்கள். வண்டியைக் கூடவே கொண்டுபோக முடியாது. வாங்கவும் ஆள் இல்லை. யார்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து நாந்தி விமான நிலையத்துக்குப் போனார்கள். சிலர் போகும்போது பானெட்டைத் தடவிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் பல்ராம் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தான். வெட்டுவதற்கு முன்னால் வண்டியின் முன் கண்ணாடியில் அதன் பெயரையும் வருஷத்தையும் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவான். 'ஆஸ்டின் 1955.' 'மோரிஸ் 1962.' எழுதி முடித்து, ஒரு நிமிஷம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் கட்டரைப் பற்ற வைப்பான். கூட வேலை செய்தவர்கள், இது என்ன பிணமா, பெயர் சொல்லி நெருப்பு வைக்கிறாயே என்று கேலி செய்தார்கள். "பேர் தெரியாத எதுக்கும் நான் நெருப்பு வைக்க மாட்டேன்" என்பான். அதற்கு மேல் காரணம் சொன்னதில்லை.

இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இந்தத் தடவை யார்டு முதலாளி விரேந்திராவே பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். யார்டு நிலம் பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர்களுடையது. குத்தகை முடிந்திருந்தது. நிலத்தில் ஒரு துண்டு இரும்பு இல்லாமல் திருப்பிக் கொடுப்பதாகப் பல்ராம் ஒரு கட்டு நங்கோனா வேரைக் கொண்டுபோய் வைத்து, கிராமத்துப் பெரியவர் இலியசாவிடம் வாக்குக் கொடுத்தான். நங்கோனா என்பது நாங்கள் எல்லோரும் இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர். அதை வைத்துச் சொன்ன வார்த்தையை இங்கே யாரும் மீறுவதில்லை.

அதே சமயம் அவன் மனைவி ப்ரேமிலா பெயரில் நியூசிலாந்து விசா வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய் இறங்காவிட்டால் அது செல்லாது. மகள் ப்ரீதிகாவின் படிப்பு முழுக்க அதைத்தான் நம்பியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். நிலத்தைச் சுத்தமாக ஒப்படைத்தால்தான் விமானம் ஏறுவேன் என்று பல்ராம் சொல்லிவிட்டான். ப்ரேமிலாவும் சரி என்றாள். யார்டில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் பெயர் வாங்கி இரும்பாகிப் போயின. கடைசியில் ஒரே ஒரு வண்டி மிச்சம் இருந்தது.

அதைக் கரும்புத் தோட்டம் ஒன்றில் இடிந்துபோன கொட்டகையிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர்கள் அதற்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டதால் கேட்க ஆள் இல்லை. சிலர் அதைச் சிவப்பு வண்டி என்று சொல்கிறார்கள். சிவப்பு இடது பக்க முன் கதவு மட்டும்தான். அது ஸ்டாண்டர்ட் கம்பெனிக் கதவு. பானெட் ஹம்பர். விளக்குகள் மோரிஸ். டிக்கி மூடி வாக்ஸால். இவ்வளவையும் பல்ராம் கண்ணாலேயே சொல்லிவிட்டான். அடியில் இருந்த சேஸிஸ் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. எண் பொறித்த தகட்டை யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் கனமான தகட்டில் ஒரு பெரிய பெட்டி பற்றவைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு. பெட்டியிலிருந்து இரண்டு பருமனான இரும்புத் தடிகள் கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நின்றன. பின் அச்சிலிருந்து ஒரு சங்கிலி தரையைத் துளைத்துப் பெட்டிக்குள் போயிற்று.

பல்ராம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். மறுநாளும் அங்கேதான் படுத்திருந்தான். சாப்பாடு கொண்டுபோகிற எனக்கு அவன் செருப்பு மட்டும்தான் தெரியும். செய்தி பரவி, ஊர் வந்து பார்த்தது. சினிமா விளம்பர வண்டி என்றார் ஒருவர். தீயணைப்பு வண்டி என்றார் இன்னொருவர். கரும்புக்கு உரம் தூவுவதற்கு என்றார் ஆலையில் வேலை செய்தவர். அப்படியானால் தடி எதற்கு மேலே போகிறது என்று பல்ராம் வண்டிக்கு அடியிலிருந்தே கேட்டான். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

புதன்கிழமை, மாரியம்மன் கோயில் தலைவர் அப்பல்சாமி அண்ணன் வந்தார். டேஷ்போர்டில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. ஸ்டியரிங் நடுவில் மஞ்சள் கறை இருந்தது. எங்கள் ஆட்கள் எந்த வண்டி வாங்கினாலும் இவை இருக்கும், டிராக்டரில்கூட இருக்கும். ஆனால் அவர் பெட்டியின் சின்னக் கதவுக்குள் கையை விட்டார். கை நிறையச் சாம்பல் நிறத்தில் பொடி வந்தது.

"திருநீறு" என்றார்.

அதன்பின் எல்லாமே அவருக்குத் தெளிவாகிவிட்டது. அம்மன் உற்சவத்துக்காக முன்னோர்கள் செய்த தேர் வண்டி இது. பெட்டி அம்மன் உட்கார்ந்த பீடம். இரண்டு தடிகளும் குடை கட்ட. சங்கிலி எதற்கு என்று பல்ராம் கேட்டான். அம்மனுடைய காரியத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கக் கூடாது என்றார் அவர். பொடியை நெற்றியில் பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகையை நாக்கிலும் போட்டுக்கொண்டார். கூட வந்தவர்களுக்கும் கொடுத்தார்.

"அம்மன் வண்டி இது, பல்ராம். இதிலே நெருப்பு வச்சேன்னா உன் ஏரோப்ளேன் கடலைத் தாண்டாது, பாத்துக்கோ."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நாக்கு குழற ஆரம்பித்தது. அப்பல்சாமி அண்ணன் மைக்கைப் பிடித்தால் பொங்கல் ஆறிப்போகும் வரை பேசுகிறவர். அவருக்கு வார்த்தை வராமல் போனதைக் கண்டு ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் அவர் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் தடிகளில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. பானெட்டில் தேங்காய் உடைத்தார்கள். ஹம்பர் பானெட் என்பதால் நசுங்கவில்லை.

ஆக, வண்டியை வெட்டினால் அம்மன் குற்றம். வெட்டாவிட்டால் இலியசாவுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. இரண்டுக்கும் முன்னால், பெயர் தெரியாமல் வெட்டவே முடியாது. வெள்ளிக்கிழமை வரப்போகிறது. வீட்டில் ப்ரேமிலா பெட்டிகளைக் கட்டி வாசலில் அடுக்கிவிட்டு, அவற்றின்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பல்ராம் சாப்பிட வந்தான். நாக்குக் குழற என்னமோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. ரசம் என்று கேட்டிருக்கிறான். ப்ரேமிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இவரு நங்கோனா குடிச்சிட்டு வந்திருக்காரு. ப்ளேன் ஏற வரைக்கும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினாரு."

அவன் குடிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். காலையில் அந்தப் பொடி என்னதான் என்று பார்க்க நாக்கில் வைத்துப் பார்த்தானாம், அவ்வளவுதானாம். கிரீஸைக்கூட நாக்கில் வைத்துத்தான் பார்ப்பான். அதனால் நான் நம்பினேன்.

"பதினெட்டு வருஷமா இந்த நாக்கைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் ப்ரேமிலா. "நேத்து அப்பல்சாமி அண்ணனும் இதே மாதிரிதான் பேசினாரு. வாங்கக்கா."

அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால், தம்பி எனக்குப் பின்னால். யார்டில் வேப்பிலைக்கு நடுவே அவள் பெட்டிக்குள் கையை விட்டுப் பொடியை அள்ளினாள். ஒரு வாளித் தண்ணீரில், தன் சேலைத் தலைப்பையே துணியாகப் பிடித்து அதைக் கரைத்துப் பிழிந்தாள். தண்ணீர் சேற்று நிறமாயிற்று. துருவும் வருஷமும் சேர்ந்து வாசனையைத் தின்றிருந்தாலும், நாக்கை மரக்க வைக்கிற நங்கோனாவின் அந்த நிறத்தைத் தெரியாதவர்கள் ஃபிஜியில் இல்லை. ஊரில் பாதிப் பேர் தினமும் சாயங்காலம் குடிக்கிற சரக்கை நெற்றியில் பூசியிருந்தார்கள். கிண்ணத்தில் இருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். நெற்றியில் இருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை.

பல்ராம் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னான். முதலில் கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு இடது தடி மெல்ல எழுந்து தொம்மென்று விழுந்தது. அது விழுந்ததும் வலது தடி எழுந்தது. வேப்பிலையோடு இரண்டும் மாறி மாறிக் குதித்தன. பெட்டி உரல். தடிகள் உலக்கைகள். வண்டி ஓட ஓட நங்கோனா இடிபடும்.

தொம் தொம் சத்தம் கேட்டு இலியசா கிராமத்திலிருந்து வேகமாக நடந்து வந்தார். அவருக்கு எங்கள் ஃபிஜி இந்தி நன்றாக வரும். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே விவரம் சொன்னார். கோவிந்தம்மா என்ற விதவை இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நங்கோனா விற்றாளாம். மற்ற வியாபாரிகள் பொடியில் மாவு கலப்பார்கள். அவள் வேரை முழுசாக எல்லோருக்கும் காட்டி, உள்ளே போட்டு, கிராமத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பொடியாகக் கொடுப்பாளாம். தடிகள் கூரைக்கு மேலே தெரிந்தால்தான் இடிபடுவதை ஜனங்கள் நம்புவார்கள் என்று அவளே தன் கையால் இந்த வண்டியைச் செய்தாளாம். வண்டி முதன்முதலில் வந்தது இலியசாவின் கல்யாணத்துக்கு, அறுபத்தொன்றில். எண்பத்தேழுக்குப் பிறகு மகனோடு வான்கூவர் போய்விட்டாள்.

இதை வெட்ட வேண்டாம், இது இரும்பு இல்லை, கிராமத்துக்கு விட்டுவிட்டுப் போ, உன் வாக்கு தீர்ந்தது என்றார் இலியசா. அப்பல்சாமி அண்ணனும் வந்து நின்றார். நாக்கு சரியாகியிருந்தது. முதலில் அம்மன் தேராக இருந்து பிற்பாடு உரலாகியிருக்கலாம் என்றார். இலியசா அதை மறுக்கவில்லை. வேப்பிலை இருக்கட்டும், ஈ வராது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்ஸி வந்தது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. பல்ராமைக் காணோம். ப்ரேமிலா டாக்ஸியை யார்டுக்கு ஓட்டச் சொன்னாள். அவன் பிரஷ்ஷோடு முன் கண்ணாடிக்கு எதிரே நின்றிருந்தான். பெயிண்ட் அவன் முழங்கை வரை வழிந்திருந்தது. கண்ணாடி வெறுமையாக இருந்தது.

"வெட்டத்தான் போறதில்லையேடா" என்றேன். "பேர் எதுக்கு?"

"அதுக்காக? பேர் இல்லாத வண்டியை விட்டுட்டு நான் எங்கே போறது?" என்றான். "ஹம்பர்னு எழுதினா பொய். மோரிஸ்னு எழுதினாலும் பொய். சேஸிஸ் யாருதுன்னே தெரியல, அக்கா."

ப்ரேமிலா கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள். அவள் குரலில் அழுகை வந்துவிட்டிருந்தது.

"மோரிஸ்னா யாரு? அது ஒரு ஆள் பேருதானே? வண்டி செஞ்ச ஆளு. இதைச் செஞ்சது யாரு?"

பல்ராம் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி, ஒரே மூச்சில் எழுதினான். 'கோவிந்தம்மா 1961.' தள்ளி நின்று ஒரு நிமிஷம் பார்த்தான். டாக்ஸி ஹாரன் அடித்தது. பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். டாக்ஸிக் கதவைப் பிடித்தவன் அப்படியே நின்று, கைப்பிடியைப் புரட்டிப் பார்த்தான். இந்தக் கதவு இந்த வண்டியுடையது இல்லை, இது வேறு மாடல் என்று டிரைவர் தேவேந்திராவிடம் விளக்க ஆரம்பித்தான்.

"ஏறுங்க" என்றாள் ப்ரேமிலா.

ஏறினான்.